கோணல் தையல்

ஞாயிற்றுக்கிழமை எம்பிராய்டரி வகுப்பில் அவர் ஒருவர்தான் ஆண். மனைவியின் பிறந்தநாளுக்குத் தன் கையாலேயே தலையணை உறையில் ரோஜா போட்டுக் கொடுக்க ஆசைப்பட்டுச் சேர்ந்திருந்தார்.

டீச்சர் அந்த உறையை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது என்ன சார், முட்டைக்கோஸா?"

"ரோஜா, டீச்சர்."

"உங்க வீட்டம்மா நல்ல மனசுக்காரங்கன்னா நம்புவாங்க. நூலை இந்த இழு இழுத்தா துணி சுருங்காம என்ன செய்யும்? இதுக்கு முன்னாடி ஊசியைத் தொட்டாவது பார்த்திருக்கீங்களா?"

சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். அவர் முகம் சிவந்துவிட்டது.

"இருபது வருஷமா தைக்கிறதுதான் டீச்சர் தொழிலே."

"அடப் பாவமே. உங்ககிட்ட வந்தவங்க கதி?"

"இதுவரைக்கும் யாரும் குறை சொன்னதில்லை."

"வாயடைச்சுப் போயிருப்பாங்க" என்றபடியே டீச்சர் கத்தரிக்கோலை எடுத்து, மூன்று வார ரோஜாவை மூன்று நிமிஷத்தில் பிரித்துப் போட்டார்.

வியாழக்கிழமை டீச்சருக்கு வயிற்றுவலி தாங்க முடியவில்லை. குடல்வால் வீங்கியிருக்கிறது, இன்றைக்கே எடுத்தாக வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சரை நிறுத்தியதும், பச்சை உடுப்பில் சர்ஜன் வந்து குனிந்தார். ஞாயிற்றுக்கிழமை சிவந்துபோன அதே முகம்.

"பயப்படாதீங்க டீச்சர். வலியே தெரியாது. கடைசியில நாலே நாலு தையல், அவ்வளவுதான்."

டீச்சர் வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். பிறகு மிகவும் மரியாதையாகக் கேட்டார்:

"டாக்டர், இதுக்கு ஒட்டுற பசை எதுவும் வரலையா?"