நெலிக்கு ஏன் கோபம்?

“ஷூவோட பின்பக்கத்த மிதிச்சு நசுக்கிட்டு வந்து நிக்கிறே! இது பள்ளிக்கூடமா, கடற்கரையா?”

மிஸ் பின்னக் போட்ட சத்தத்தில் ஒன்பதாம் வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. கேடியான் மட்டும் அசையவில்லை. புத்தம்புதுக் கறுப்பு ஷூவைச் செருப்பு மாதிரி மாட்டிக்கொண்டு, குதிகால் வெளியே தெரிய, மேசைக்கு முன்னால் நின்றாள். பார்க்கிறவர்கள் திமிர் என்றுதான் சொல்வார்கள்.

மிஸ் நாலு வருஷம் நியூயார்க்கில் பாடம் நடத்திவிட்டு, ஆகஸ்டில்தான் சொந்த ஊரான போர்ட் அன்டோனியோவுக்குத் திரும்பியிருந்தார். வந்த நாளிலிருந்து இந்தப் பெண்ணோடு மல்லுக்கட்டுதான். மேசை ஓரத்தில் அவர் தினமும் கொண்டுவரும் இரண்டு சாப்பாட்டு டப்பாக்கள் இருந்தன. ஒன்றை அவர் சாப்பிடுவார். இன்னொன்று திறக்காமலே வீட்டுக்குத் திரும்பும்.

“கேள்வியப் படி.”

கேடியான் விடைத்தாளைத் தூக்கிப் பிடித்துப் படித்தாள். “நெலியின் கோபம் இந்தக் கதையின் மையக்கருத்தை எப்படி வெளிப்படுத்துகிறது?”

“நீ எழுதின பதிலுக்கு நான் எவ்வளவு போட்டிருக்கேன்?”

“பூஜ்யம்.”

“சத்தமா சொல்லு!”

“இருபதுக்குப் பூஜ்யம், மிஸ்!” என்று கத்தினாள் கேடியான்.

பாடப்புத்தகத்தில் இருந்த கதை அது. நெலியின் அம்மா லண்டனில் வேலை பார்க்கிறாள். கிறிஸ்துமஸுக்கு அரிசி, சோப்பு, துணிமணி எல்லாம் அடைத்து ஒரு பீப்பாயைக் கப்பலில் அனுப்புகிறாள். அதில் வந்த சிவப்பு ஷூவை நெலி அரிவாளால் வெட்டி ஆற்றில் வீசிவிடுகிறாள்.

இந்த வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் அப்படி ஒரு பீப்பாய் உண்டு. ஷூ வேண்டுமென்றால் பிள்ளையின் காலைத் தாளில் வைத்து, சுற்றி வரைந்து தபாலில் அனுப்புவார்கள். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் அந்தத் தாளோடு கடைக்குப் போவார்கள்.

“ஆசிரியர் கையேட்டுல என்ன போட்டிருக்கு? நன்றி கெட்டதனம்!” மிஸ் கையேட்டை மேசையில் ஓங்கி அடித்தார். “பெத்தவ பனியில நின்னு பஸ் பிடிச்சு, ரெண்டு வேல பாத்து, வாயக் கட்டி வயித்தக் கட்டி வாங்கி அனுப்புறா. இந்தக் கழுத அத வெட்டி ஆத்துல போடுது. இதுக்கு வேற என்ன பேரு?”

“ஷூ அவளுக்குச் சேரல, மிஸ். கதையிலயே இருக்கு. மூணாவது பக்கம். கட்ட விரல் உள்ள மடங்குது.”

“சேரலன்னா வாயத் திறந்து சொல்லணும். வெட்டுவாளா?”

“யாருகிட்ட சொல்றது? அந்த அம்மா கையில இருந்தது பழைய தாளு. பொண்ணு அந்த அளவுலயே நிக்குதுன்னு நெனச்சுட்டாங்க. வளந்துட்டாளான்னு ஒரு தடவ கேட்டாங்களா? கோபம் ஷூ மேல இல்ல, மிஸ். இத எழுதினதுக்குத்தான் பூஜ்யமா?”

பின்வரிசையில் ஜெவான் பக்கத்திலிருந்தவனின் காதைக் கடித்தான். “இதே பேச்ச நான் பேசியிருந்தா இந்நேரம் பிரின்சிபால் ரூம் வாசல்ல நிப்பேன்.”

“ஜெவான், வாய மூடு!”

மிஸ் சிவப்புப் பேனாவை எடுத்து மேசையில் தட்டினார். ஒரு கதைக்கு இவ்வளவு கோபமா என்று முதல் வரிசைப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அந்தத் தாய்க்கு மட்டும் மனசு இல்லையா?” என்றார் மிஸ். குரல் கம்மியது. அது அவருக்கே பிடிக்காமல் மறுபடி கத்தினார். “நல்லா இருக்குன்னு ஒரு வார்த்த சொன்னா இவளுக்கு என்ன கொறஞ்சு போகுது?”

“சொல்லியிருப்பா, மிஸ். நீ எப்படி இருக்கேன்னு அவங்க மொதல்ல கேட்டிருந்தா.”

“போதும்! உக்காந்து திருத்தி எழுது. நன்றி கெட்டதனம்னு எழுது, மார்க் போடுறேன்.”

“எழுத மாட்டேன்.”

“இந்தப் பூஜ்யத்தோட ரிப்போர்ட் போச்சுன்னா அடுத்த வருஷம் உனக்கு இலக்கியம் கெடையாது. தெரியுமில்ல?”

தெரியும். கேடியானுக்குப் பிடித்த ஒரே பாடம் அதுதான். மிஸ்ஸுக்கும் அது நன்றாகவே தெரியும்.

கேடியானின் கண் கலங்கியது. ஆத்திரத்தில் வந்த கண்ணீர். அதைப் புறங்கையால் துடைத்தாள்.

“பொய் எழுத மாட்டேன், மிஸ்.”

சட்டென்று மிஸ்ஸின் கையிலிருந்த சிவப்புப் பேனாவைப் பிடுங்கினாள். வலது காலை உதறினாள். ஷூ பறந்து போய்க் கரும்பலகைக்கு அடியில் விழுந்தது. காலுறையையும் உருவி எறிந்தாள்.

சுண்டுவிரல் தோல் உரிந்து சிவந்திருந்தது. கட்டைவிரல் நகத்தில் ரத்தம் கட்டியிருந்தது.

விடைத்தாளைத் தரையில் போட்டு, அதன்மேல் காலை வைத்தாள். குனிந்து, குதிகாலிலிருந்து தொடங்கி ஒவ்வொரு விரலாகச் சுற்றிச் சிவப்பு மையால் வரைந்தாள். கோடு அந்தப் பூஜ்யத்தின் மேலேயே ஏறிப் போனது.

நிமிர்ந்து, தாளை அந்தத் திறக்காத சாப்பாட்டு டப்பாவின் மேல் வைத்தாள்.

“இனிமே இந்த அளவுல வாங்கு, அம்மா.”