கீழே போன திருகு

புது சாமான் எல்லாம் போட்டும் பழைய காருக்குப் பிரேக் பிடிக்கவில்லை. மிதித்தால் பெடல் தரைக்குப் போனது. இன்றும் பிடிக்காவிட்டால் காருக்குக் காயலான் கடைதான்.

"எல்லாம் இந்தக் கிழட்டுப் பெடலால்," என்றது சக்கரத்தில் பிரேக்கை அழுத்தும் புது வீல் சிலிண்டர்.

"நேற்று வந்தவன் நீ, வாயை மூடு," என்றது பெடல்.

சிலிண்டருக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "சண்டை எதற்கய்யா? நான்தான் பிரேக் எண்ணெய்க்குள் சிக்கி, மிதிக்கும்போதெல்லாம் பஞ்சாய் அமுங்குகிறேன். மெக்கானிக் இடது சிலிண்டரை வலதிலும் வலதை இடதிலும் பூட்டிவிட்டார். என்னை வெளியே விடும் திருகு கீழே போய்விட்டது. நானோ எண்ணெய்க்கு மேலே நிற்பவன்."

"வெளியே போனால் நீ இருக்க மாட்டாயே!" கார் பதறியது.

"அதனாலென்ன? நீ இருப்பாய்."

திருகு கீழே இருப்பதைக் கண்ட மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டு, சிலிண்டர்களை இடம் மாற்றிச் சரியாகப் பூட்டினார். மேலே வந்த திருகைத் திறந்ததும் 'புஸ்' என்று அந்தக் குரல் வெளியேறியது. பிரேக் கல்லாய்ப் பிடித்தது.

இன்றும் பிரேக் போடும்போதெல்லாம் கார் மூக்கைத் தாழ்த்திக் கும்பிடுவது மெக்கானிக்கை அல்ல, அந்தக் காற்றுக் குமிழியை.