அப்பவே கொடுத்தாச்சு

டாக்டரைப் பார்க்க டோக்கன் வாங்கும் வலைப்பக்கம் ஒன்றில் ஒரு பொத்தானும் ஒரு கட்டளையும் குடியிருந்தன. யாராவது அழுத்தினால் பொத்தான் கூப்பிட வேண்டும். உடனே கட்டளை படிவத்தை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் கட்டளைக்கு மகா சுறுசுறுப்பு. பக்கம் திறந்ததுமே வெற்றுப் படிவத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து காலை நீட்டிக்கொண்டது.

ஜுரத்தில் முனகும் குழந்தையை மடியில் போட்டபடி செலின் பெயர், வயதெல்லாம் நிரப்பிப் பொத்தானை அழுத்தினாள்.

"எழுந்திரு, கூப்பிடுறாங்க!" என்றது பொத்தான்.

"அதான் அப்பவே கொடுத்தாச்சே."

"காலியாக் கொடுத்தியே, மூதேவி! அவங்க இப்பத்தானே எழுதினாங்க?"

"லேட்டா எழுதினா அதுக்கு நானா பொறுப்பு?"

செலின் பத்துத் தடவை அழுத்திப் பார்த்தாள். பிறகு பக்கத்தை மூடிவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் இறங்கி ஓடினாள்.

"பார்த்தியா," என்றது கட்டளை, "வேலை முடிஞ்ச திருப்தியில கிளம்பிட்டாங்க."