ஒரே முகவரி

லேப்பின் இணையப் பக்கம் காலையிலிருந்தே நொண்டிக்கொண்டிருந்தது.

சிலருக்கு ரிப்போர்ட் திறக்கவே இல்லை. சிலருக்குப் பாதி வந்து அப்படியே நின்றது.

"சார், டாக்டருங்க எல்லாரும் என்னைப் போன்ல வறுத்தெடுக்கறாங்க" என்றாள் வரவேற்பில் இருந்த பெண்.

சர்வர்காரர் மாடிப்படிக்கு அடியில் இருந்த அறைக்குள் போனார்.

லேப்பில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். சர்வரைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்று பெண் பார்க்கப் போன இடத்தில் அவர் சொன்னபோது, "எந்த ஓட்டல்ல?" என்று கேட்டவர் அவருடைய மாமனார். அதைச் சொல்லிச் சொல்லி மனைவி இன்னமும் சிரிப்பாள்.

வாடகைக்கு இடம் பிடித்து எங்கோ வைத்திருக்கும் சர்வர் இல்லை அது. அந்தப் பொந்து போன்ற அறையிலேயே ஓடும் பழைய யூனிக்ஸ் மெஷின். ஊர்ப்பட்ட பேருடைய ரத்தமும் சர்க்கரையும் கொழுப்பும் அதற்குள்தான் எழுத்தாக இருந்தன.

முதலில் கேபிளைப் பார்த்தார். பச்சை விளக்கு ஒழுங்காகச் சிமிட்டியது.

நெட்டைப் பார்த்தார். உள்ளே வரவும் வெளியே போகவும் ஒரு குறையும் இல்லை.

பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகிவிட்டதோ என்று பார்த்தார். போன தடவை காலை வாரியது அதுதான். இந்தத் தடவை அது சமர்த்தாக இருந்தது.

கடைசியில் வருகைப் பதிவைத் திறந்தார். எந்த இணைப்பின் முகவரியிலிருந்து எந்தப் பக்கத்தைக் கேட்டார்கள், என்ன பதில் போனது என்று மெஷின் தானே எழுதிக்கொண்டு போகும்.

திரை முழுக்க ஒரே முகவரி.

அந்த ஒரு இணைப்பு, ஒரே ஒரு ரிப்போர்ட்டை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. இன்னும் வரவில்லை என்றது மெஷின். மறுபடி கேட்டது. இன்னும் வரவில்லை. பழைய ரிப்போர்ட்களை எல்லாம் துழாவி முடித்துத்தான் மெஷின் அந்தப் பதிலைச் சொல்லும் என்பதால், அதற்குத் தாவு தீர்ந்துபோயிருந்தது.

வேலை வெட்டி இல்லாதவன் எவனோ வம்புக்குக் கல்லெறிகிறான் என்று நினைத்தார். இப்படி எத்தனையோ பேரை அவர் பார்த்திருக்கிறார். அந்த முகவரியைத் தடுக்கும்படி ஒரு வரியைத் தட்டினார்.

"திறக்குது சார்!" என்று வெளியே சத்தம் கேட்டது.

காலை நீட்டி உட்கார்ந்தபோது போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, நம்ம வீட்டுல நெட் எதாவது கோளாறா?"

"எதுவுமே திறக்கலையா?"

"இல்ல, மத்ததெல்லாம் வருது. ஒண்ணு மட்டும்தான் இப்ப திடீர்னு..."

"எது?"

"விடுங்க. நான் பாத்துக்கறேன்." வைத்துவிட்டாள்.

போன் கையிலேயே இருந்தது.

காலையில் பல் விளக்கிக்கொண்டே அவர் வீட்டிலிருந்து மெஷினுக்குள் ஒரு தடவை நுழைந்து பார்த்திருந்தார். யார் எங்கிருந்து நுழைந்தார்கள் என்பதையும் மெஷின் குறித்து வைத்திருக்கும். அதைக் கேட்டார்.

அவர் பெயருக்கு நேராக, அவர் வீட்டு இணைப்பின் இன்றைய முகவரி நின்றது. சற்று முன் அவர் தடுத்த முகவரி.

வருகைப் பதிவுக்குத் திரும்பினார்.

அந்த முகவரி கேட்டிருந்த ரிப்போர்ட் எண்ணின் முதல் எழுத்தைப் பார்த்தார். சர்க்கரைக்கு ஒரு எழுத்து, கொழுப்புக்கு ஒரு எழுத்து. இது பயாப்ஸிக்கு உரியது; ஊர் ஆஸ்பத்திரிகளில் எடுக்கும் சதைத் துணுக்கெல்லாம் சோதனைக்கு இங்கேதான் வரும்.

போன வாரம் அக்கா வீட்டுக்குப் போய்வருகிறேன் என்று கிளம்பியவள், முகம் வெளுத்துத் திரும்பி வந்தாள். வெயில் என்றாள். அவரும் வெயில்தான் என்று விட்டுவிட்டார்.

முதல் வேலையாகத் தடையை நீக்கினார். நீக்கிய கையோடு அதே முகவரி மறுபடி வந்து நின்றது. இன்னும் வரவில்லை. இன்னும் வரவில்லை.

மாடியில் மைக்ராஸ்கோப் பார்க்கும் டாக்டரைக் கேட்டால் சொல்லிவிடுவார். நாலு படி ஏறியும் விட்டார். அவள் தன்னிடம் சொல்லாததை இன்னொருவர் வாயால் கேட்க மனசு ஒப்பவில்லை. இறங்கி, வண்டிச் சாவியை எடுத்தார்.

"சார், மறுபடி இழுக்குது!" என்றாள் வரவேற்புப் பெண்.

"இழுக்கட்டும்மா. டாக்டருங்க திட்டினா, நான்தான் காரணம்னு சொல்லிடு."

எப்படி ஓட்டினார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. வீட்டு வாசலில் நின்று அழைப்பு மணிக்கு விரலைக் கொண்டுபோனவர், அப்படியே நின்றுவிட்டார். என்னவென்று சொல்லிக்கொண்டு உள்ளே போவது? எனக்குத் தெரியும் என்றா? உன்னைத்தான் எவனோ என்று நினைத்துத் தடுத்தேன் என்றா?

சட்டைப் பையில் போன் அடித்தது.

"என்னங்க" என்ற அவள் குரல் காதில் ஒரு தரம் கேட்டது, கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு தரம் கேட்டது.

"சொல்லு."

மூக்கை உறிஞ்சும் சத்தம். அப்புறம் சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியாத ஒன்று.

"ஒண்ணுமில்லையாம்."

எது ஒண்ணுமில்லையாம், யார் சொன்னது, நீ எங்கே போனாய், எதற்குப் போனாய் என்று எந்தப் புருஷனும் கேட்டிருப்பான்.

அவர் கேட்கவில்லை.

"கதவைத் திற" என்றார்.