இடுப்பில் ஈயம்

கல்லின் மேல் கிடந்த மூன்று பட்டிகளில் முதலாவதை எடுத்துச் செல்லசாமி இடுப்பில் கட்டிக்கொண்டான்.

தோட்டத்துக்குக் காவல் நிற்கிற வாச்சர் சிவசாமியின் தோல் பெல்ட்டு அது. அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, அவர் காற்சட்டையை ஒரு கையால் பிடித்தபடி நின்றார்.

முங்குகிறவனை அடிக்கு இழுக்க ஆறு ஈயக் கட்டிகள் அதில் கோக்கப்பட்டிருந்தன. தேயிலைப் பெட்டிக்குள் போடுகிற பழைய ஈயத் தகட்டை உருக்கி, மீன் டின்னில் வார்த்தவை.

தலைகீழாக முங்குகிறவன் போலக் குனிந்து, வயிற்றை எக்கினான். பெல்ட்டு விலா எலும்பு வரை வழுக்கி வந்தது. ஆழம் போகப் போக இடுப்பு ஒடுங்கும், தோல் ஒடுங்காது.

கழற்றி வைத்தான்.

எதிரே நீர்த்தேக்கம் மூடுபனிக்குள் கிடந்தது. அணை கட்டித் தண்ணீர் ஏறி ஒரு வருடம்தான் ஆகிறது. ஆட்கள் குடியிருந்த பள்ளத்து லயம் தண்ணீருக்கடியில் இருக்கிறது, கூரைத் தகரத்தோடு. இப்போது குடியிருக்கிற மேட்டு லயமோ அடைமழையில் ஒழுகுகிறது. தோட்ட நிர்வாகத்தில் யாரும் வந்து பார்ப்பதாயில்லை. அதனால்தான் செல்லசாமியும் நல்லமுத்துவும் இரண்டு மாதமாக மூச்சடக்கி முங்கி, தகரத்தை ஒவ்வொன்றாகக் கழற்றி மேலே கொண்டுவந்தார்கள். ஒருவன் முங்கினால் மற்றவன் தெப்பத்தில் கயிற்றைப் பிடித்திருக்க வேண்டும் என்பது அவர்களுக்குள் பேச்சு.

நேற்றுச் சாயங்காலம் நல்லமுத்து தனியாக முங்கினான். விளக்கு வைக்கிற நேரத்தில் ஆட்கள் தேடி வந்தபோது தெப்பம் இருந்தது. அவனுடைய சட்டை அதன் மேல் மடித்தபடி இருந்தது.

மத்தியானம் கொழும்பிலிருந்து முங்கித் தேடுகிறவர்களைக் கூட்டி வருவதாகப் போலீசில் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை பொறுக்க வேண்டாம், நானே போய்த் தூக்கி வருகிறேன் என்று விடிந்ததும் விடியாததுமாகச் செல்லசாமி சொன்னான். கூட்டாளி என்றால் இவனல்லவா கூட்டாளி என்று லயமே சொன்னது.

இரண்டாவது பட்டி, தேயிலைத் தொழிற்சாலையில் ரோலரை ஓட்டுகிற பெல்ட்டிலிருந்து வெட்டியது. வழுக்கவில்லை. ஆனால் குனிந்ததும் அதன் விளிம்பு இடுப்பெலும்பில் கத்தியாக இறங்கியது. வலி இருந்தால் மூச்சடக்க முடியாது. அதையும் வைத்தான்.

“ஏன்டா, பொண்ணு பாக்கவா போற? மாத்தி மாத்திக் கட்டிப் பாக்குற. கண்ணாடி வேணும்னா கொண்டாரவா?”

சொன்ன பிறகுதான் சிவசாமிக்கு, பின்னால் நல்லமுத்துவின் பெண்சாதி நாகலெட்சுமி உட்கார்ந்திருப்பது நினைவுக்கு வந்தது. கம்பளியை இழுத்து மூடிக்கொண்டு தூரப் போய் நின்றார்.

அவள் இரவெல்லாம் அந்த ஈர மண்ணிலேயே இருந்தாள். கொண்டுவந்த தேத்தண்ணி பக்கத்தில் ஆறிப்போயிருந்தது.

மூன்றாவது, பழைய லொறி டியூப்பை நாலு விரல் அகலத்துக்கு அறுத்த பட்டி. இழுத்து மாட்டினான். இடுப்புச் சதையோடு ஒட்டிக்கொண்டது. குனிந்தான், நிமிர்ந்தான், பக்கவாட்டில் முறுக்கினான். ஈயம் நகரவில்லை. ஒடுங்கினால் கூடவே ஒடுங்குகிறது, விரிந்தால் விரிகிறது.

பட்டியின் கம்பிக் கொக்கியைத் தொப்புளுக்கு நேராக வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு கையால் இழுத்தான். பட்டி காலடியில் விழுந்தது.

மறுபடி மாட்டி, இடது கையால் இழுத்தான். விழுந்தது.

மூன்றாம் தடவை இரண்டு விரலால் மட்டும் இழுத்தான். அப்போதும் விழுந்தது.

நாகலெட்சுமி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணே, அவரும் இந்த மாதிரி ஒண்ணக் கட்டியிருந்தா, உருவிப் போட்டுட்டு மேல வந்திருப்பாருல்ல?”

வந்திருப்பான் என்று செல்லசாமி தலையை மட்டும் அசைத்தான்.

நல்லமுத்து கட்டியிருந்தது படங்கு. கொழுந்து பறிக்கிற பெண்கள் மழைக்கும் கீறுகிற தேயிலை வாதுக்கும் இடுப்பில் சுற்றிக்கொள்கிற சாக்குத் துணி. அதை மடித்து, மடிப்புக்குள் ஈயத்தை வைத்து, சணல் கயிற்றால் கட்டினால் பஞ்சு மாதிரி இருக்கும், எங்கேயும் உறுத்தாது. நனைந்த சணல் முடிச்சைப் பல்லால் கடித்தாலும் அவிழ்க்க முடியாது என்பது மலையில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். சரிவில் அவிழ்ந்து விழாமலிருக்கத்தானே அந்த முடிச்சு. தண்ணீருக்கடியில் அதுவே எமன் என்று யாருக்கும் தோன்றவில்லை.

செல்லசாமி லொறி டியூப்பை மாட்டிக்கொண்டு, தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியை வாயில் கவ்வினான். தண்ணீர் முழங்காலைத் தொட்டதும் உடம்பெல்லாம் கூசியது.

நேற்று ஆறு மணிக்கு அவன் இரவுப் பள்ளியில் உட்கார்ந்திருந்தான். வாத்தியார் வரவு இடாப்பில் அடையாளம் போட்டிருக்கிறார். கேட்ட போலீஸ்காரனும் அதை எழுதிக்கொண்டு போனான். ஒருவரும் அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இன்னும் ஒரே ஒரு தகரம் என்று நல்லமுத்து கெஞ்சியதும், வகுப்புக்கு நேரமாகிறது, நீயே போய் வா என்று இவன் கரையேறியதும் அவர்கள் இருவருக்குத்தான் தெரியும்.

மார்பளவு தண்ணீரில் நின்று மூச்சை இழுத்து நிரப்பினான். ஒரு தடவை. இரண்டு தடவை.

தகரத்தைத் தூக்கக் குனியும்போது முன்பக்கம் முடிச்சு குத்துகிறது என்றான் நல்லமுத்து. அதனால் நேற்றுக் கரையேறுமுன் செல்லசாமி அவனைத் திருப்பி நிறுத்தி, முதுகுப் பக்கம் முழங்காலை ஊன்றி, இறுக்கி, இரட்டை முடிச்சுப் போட்டான்.

மத்தியானம் வருகிறவர்கள் வெளியூர்க்காரர்கள். ஆனாலும் அவர்களுக்கும் கண் இருக்கும். முதுகில் அப்படி ஒரு முடிச்சை யாரும் தனக்குத்தானே போட்டுக்கொள்ள முடியாது.