ஃபோன் பரீட்சை

தலையணைக்கு அடியில் அமுக்கி வைத்தும் ஃபோன் அடங்கவில்லை. மறுபடியும் அலறியது. சின்னவள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள்.

"அவர்தான்க்கா. இன்னிக்கு என்னை விடமாட்டார்."

"நம்பரைப் பார்த்தியா?"

"தெரியாத நம்பர். தெரியாத நம்பர்லேருந்துதான் கூப்பிடுவேன்னு சொல்லியிருக்காரே!"

பெரியவள் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் தலை வாரிக்கொண்டிருந்தாள். "ராங் நம்பரா இருக்கும்டி. இந்த சிம் வாங்கினதிலேருந்து அதுதானே வருது" என்றாள். ஃபோன் ஓய்ந்தது.

கடன்காரனோ, பின்னாலேயே சுற்றும் பொறுக்கியோ என்று நினைத்துவிட வேண்டாம். அவள் இப்படி நடுங்குவது தன் இங்கிலீஷ் வாத்தியாருக்கு. கோடை விடுமுறையில் கல்லூரி நடத்தும் விரைவு வகுப்பின் கடைசிப் பரீட்சை இது. இந்த வாரத்தில் எந்த நேரத்திலும் ஃபோன் வரும். யாரோ ஒருவர் எதையோ சொல்லி உதவி கேட்பார். இங்கிலீஷிலேயே பேசிச் சமாளிக்க வேண்டும். மூன்று தடவை அடித்தும் எடுக்காவிட்டால் மார்க் முட்டைதான்.

தேறினால் நேரே நர்ஸிங் வகுப்பு. தவறினால் ஒரு வருஷம் முழுக்க இங்கிலீஷ் மட்டும். தங்கை படிப்பு முடியட்டும் என்று பெரியவள் தன் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டிருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் இன்னொரு வருஷம் பொறுப்பார்கள் என்று தோன்றவில்லை.

சின்னவள் எழுதச் சொன்னால் புலி, பேசச் சொன்னால் எலி. வகுப்பில் அவளுக்கு 'ம்ம்' என்றே பெயர். எதைக் கேட்டாலும் அதுதான் பதில். பரீட்சைப் பயத்தில் நேற்றிலிருந்து அவள் ஃபோனைத் தொடவே இல்லை. வந்த மெசேஜ்களைக்கூடத் திறந்து பார்க்கவில்லை.

மறுபடி அலறியது. மூன்றாவது தடவை.

"வேண்டாம்க்கா... எனக்கு நாக்கே புரளாது."

"எடுடி! தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன?" பெரியவளே ஃபோனை உருவி அவள் கையில் திணித்தாள்.

"ஹலோ." குரல் வெறும் காற்றாகத்தான் வந்தது.

"ஆஸ்பத்திரியா?" யாரோ வயதானவர். பேசியது இங்கிலீஷ்தான், ஆனால் பயங்கரமாக மூச்சு வாங்கியது.

சின்னவளுக்குச் சட்டென்று பொறி தட்டியது. நர்ஸிங் படிக்கப் போகிறவளுக்கு ஆஸ்பத்திரி வேஷம் கொடுத்திருக்கிறார்கள்! அது ஏழாவது பாடம். வரி வரியாக மனப்பாடம்.

"ஆமாம் ஐயா. உங்களுக்கு நான் எப்படி உதவலாம்?" என்றாள், இங்கிலீஷில்.

"என் மனைவி... குளியலறையில் விழுந்துவிட்டாள். கண்ணைத் திறக்க மாட்டேன் என்கிறாள்."

என்ன நடிப்பு! எங்கிருந்து பிடித்தார் வாத்தியார் இந்த ஆளை? சின்னவளுக்குச் சிரிப்புகூட வந்தது. பயம் போன இடம் தெரியவில்லை.

"பதற வேண்டாம் ஐயா. மூச்சு இருக்கிறதா?"

"மெல்ல... மெல்ல வருகிறது."

முகவரி கேட்டாள். சுவரில் தொங்கிய காலண்டரின் ஓரத்தில் அதை எழுதிக்கொண்டாள். பாடத்தில் உள்ளபடியே திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தாள். ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை.

"ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது ஐயா. வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டு அவர் பக்கத்திலேயே இருங்கள்." இன்னும் நாலு மார்க் கூடக் கிடைக்கட்டும் என்று சொந்தமாக ஒரு வரியும் சேர்த்தாள். "வேறு எங்கும் ஃபோன் செய்ய வேண்டாம்."

"சரி மகளே. நீ நன்றாக இருக்க வேண்டும். காத்திருக்கிறேன்."

ஃபோனை வைத்ததும் பெரியவள் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. "டிவில நியூஸ் வாசிக்கிறவ மாதிரி பொளந்து கட்டிட்டியேடி! அவர்கிட்ட சொல்லிடவா, கல்யாணத்துக்குத் தேதி பார்க்கச் சொல்லி?"

"தாராளமா சொல்லு!"

சின்னவள் ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தாள். பெரியவள் மிச்சத் தலையையும் வாரி முடித்து, செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ஃபோன் மீண்டும் அடித்தது. இந்தத் தடவை சின்னவள் முதல் மணியிலேயே எடுத்தாள். விரைவு வகுப்பு ஆபீஸிலிருந்து கிளார்க் அம்மாள்.

"என்னம்மா, நேத்து அனுப்பின மெசேஜை நீ மட்டும் இன்னும் பார்க்கலையே?"

"பயத்துல பார்க்கலை மேடம். ஆனா சூப்பரா பேசிட்டேன்! அந்தத் தாத்தா என்னமா நடிச்சார் தெரியுமா!"

"எந்தத் தாத்தா? சாருக்குக் காய்ச்சல்னு பரீட்சையை அடுத்த வாரத்துக்குத் தள்ளி வெச்சாச்சே."

சின்னவள் காலண்டரைப் பார்த்தாள். ஓரத்தில் முகவரி குண்டு குண்டான எழுத்தில் பளிச்சென்று இருந்தது.

"நாங்க இன்னும் யாருக்குமே ஃபோன் பண்ணலைம்மா."