மேல் மூடி சிவப்பு

அவன் விரல் சேற்றில் இருந்தது.

தொடக்கூடாத சேறு. இருபத்திரண்டு வருடங்களில் எத்தனையோ பேரின் கையை அவனே தட்டிவிட்டிருக்கிறான்.

வங்கக்கடலின் அடிச்சேற்றில் இறக்கி எடுத்த நீளக் குழாய். கப்பலிலேயே அதை மீட்டர் நீளக் குழாய்களாக வெட்டிவிடுவார்கள். கரைக்கு வந்ததும் ஒவ்வொன்றையும் நீளவாக்கில் பிளப்பார்கள். ஒரு பாதி ஆராய்ச்சிக்கு. மறு பாதி சாட்சிக்கு. அது யார் கையும் படாமல் இந்தக் குளிரறையில் கிடக்கும்.

ஆய்வு மாணவி ஜெனிஷாவின் கட்டுரைக்குப் படம் வேண்டும். மூன்றாம் குழாயின் சாட்சிப் பாதியை இறக்கி மேசையில் வைத்திருந்தான்.

நடுவில் விரல் பருமனுக்கு ஒரு வெளிறிய பட்டை. எழுபத்துநான்காயிரம் வருடங்களுக்கு முன் சுமத்திராவில் வெடித்த எரிமலையின் சாம்பல்.

கடலில் சாம்பல் விழுந்தால் பருமணல்தான் முதலில் அடிக்குப் போய்ச் சேரும். தூள் ஆற அமர வந்து அதன்மேல் படியும். கீழே ரவை, மேலே மைதா. அப்படித்தான் இருக்க முடியும்.

மேல் விளிம்பு நறநறவென்றது.

கீழ் விளிம்பு வழவழப்பாக இருந்தது.

இன்னொரு முறை தொட்டுப் பார்த்தான். குழாய் தலைகீழ்.

ஜெனிஷா இந்தச் சேற்றோடு நான்கு வருடம் உட்கார்ந்திருக்கிறாள். குண்டூசித் தலையைவிடச் சின்னக் கடலுயிர்களின் ஓடுகள். ஒவ்வொரு அடுக்கிலும் முந்நூறு. ஈரத் தூரிகையின் நுனியால் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். அந்தக் காலத்துக் கடல் எவ்வளவு சூடு, மழை எவ்வளவு என்பதெல்லாம் அந்த ஓடுகளில்தான் இருக்கிறது. சாம்பலில் ஓடு கிடையாது. அந்த இடத்தை அவள் தாண்டிப் போயிருந்தாள்.

மற்றவர்கள் எடுத்த சேற்றிலெல்லாம் மழை ஓய்ந்துகொண்டு வந்தது. இவளுடைய மூன்றாம் குழாயில் மட்டும் வலுத்துக்கொண்டு வந்தது. யாரும் பார்க்காத ஒன்றைப் பார்த்துவிட்டேன் என்று, போன வாரம் நாகர்கோவிலிலிருந்து ஒரு டப்பா முந்திரிக்கொத்து கொண்டுவந்தாள்.

"முத எடுப்பு உங்களுக்குத்தான் அண்ணே. நீங்க இல்லன்னா எனக்கு ஏது சேறு?"

அவன் இரண்டு எடுத்துக்கொண்டான். கட்டுரையின் கடைசியில், நன்றி என்ற இடத்தில், அவன் பெயர் இருந்தது. இத்தனை வருடத்தில் முதல் தடவை. வீட்டில் காட்டியிருந்தான்.

கட்டுரை திங்கட்கிழமை போகிறது.

இன்று வெள்ளி.

மேல் முனைக்குச் சிவப்பு மூடி. கீழ் முனைக்குப் பச்சை. கப்பலில் மூடி போடுவது அவன் வேலை. மூடியைப் பார்த்துத்தான் மற்றவர்கள் குழாயில் அம்புக்குறி வரைவார்கள்.

அவனுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். இரண்டும் காய்ந்த இலையின் நிறம்.

வேலைக்குச் சேரும்போது கண் பரிசோதனையில் புள்ளிப் படங்களைக் காட்டினார்கள். வரிசையில் முன்னால் நின்றவன் சொன்ன எண்களை அப்படியே ஒப்பித்தான். கண் சரியில்லாதவனைக் கப்பலில் ஏற்றமாட்டார்கள். அவனுக்குக் கப்பல் வேண்டியிருந்தது. இப்போதும் வேண்டும். கரையில் இருக்கும் மாதங்களைச் சும்மா ஓட்டிக்கொண்டிருப்பவன் அவன்.

இடுப்பின் இடது பையில் சிவப்பு, வலது பையில் பச்சை. பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்த்து அவனே நிரப்பிக் கட்டுவான். அன்று கடைசியாக இந்த மூன்றாம் குழாயை மூடும் நேரத்தில் பெரிய அலை ஒன்று தளத்தில் ஏறியது. சிதறிய பைகளை யாரோ நல்ல மனதோடு எடுத்து மாட்டிவிட்டார்கள். அவன் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் ஏன் கேட்கிறாய் என்பார்கள்.

கப்பல் ஆடியதில் கை மாறிப்போச்சு என்று சொல்லிவிடலாம். யாரும் துருவமாட்டார்கள். ஜெனிஷா அழுவாள். பிறகு அந்தக் குழாயைத் திருப்பி எழுதுவாள்.

ஒரு குழாய்க்கு அது போதும்.

அவன் தலையைத் தூக்கினான். தரையிலிருந்து கூரைவரை அலமாரிகள். நானூறு குழாய்களுக்கு மேல் இருக்கும். எல்லாம் அவன் மூடியவை. எத்தனை பேர் எத்தனை கட்டுரை எழுதியிருக்கிறார்கள். வேறு எந்தப் பயணத்தில், யார் பையை மாற்றி மாட்டினார்கள்?

பயமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

சாம்பலில் அவன் விரல் பதிந்த இடம் சிறு குழியாகக் கிடந்தது. அதை அவன் சரிசெய்யவில்லை.

மூலையில் இருந்த பெட்டியிலிருந்து மூடிகளை அள்ளினான். இரண்டு நிறமும் இருக்க வேண்டுமே என்று ஒரு கை நிறைய.

ஜெனிஷா நுண்ணோக்கியில் குனிந்திருந்தாள். அவன் வந்ததைக் கவனிக்கவில்லை. மேசையில் மூடிகளை வைத்தான். அந்தச் சத்தத்தில் நிமிர்ந்தாள்.

"இதுல சிவப்பு எதும்மா?"

அவள் சிரித்தாள்.

அவன் சிரிக்கவில்லை. காத்திருந்தான்.

அவள் மூடிகளைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். அவன் விரல் நுனியில் ஒட்டியிருந்த சாம்பலைப் பார்த்தாள்.

பிறகு தூரிகையைக் கீழே வைத்தாள்.